தையல் மிஷின் பெட்டிக்குள் ஒரு லாரி

என் கடைசித் தம்பியை எல்லாரும் நட்டு என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயதில் சைக்கிள் நட்டு ஒன்றை முழுங்கிவிட்டு, அது வெளியே வரும்வரை வீட்டையே ஒரு ஆட்டு ஆட்டிவைத்தவன். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். இப்போது இன்ஜினியரிங் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறான். வெளியூர் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறான். அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கும் இந்தப் பெயர் எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். நான்தான் சொன்னேன்.

இந்த நட்டு கம்ப்யூட்டர் கட்டிய கதையைத்தான் சொல்ல வந்தேன். கணக்குப் போடுகிற, டைப் அடிக்கிற கம்ப்யூட்டர் இல்லை. கேம் ஆடுகிற கம்ப்யூட்டர். அதுவும் கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிற மாதிரி. எங்கள் வீட்டில் கேம் கம்ப்யூட்டர் என்று வாயைத் திறப்பதும், பெட்ரோல் பங்க்கில் நின்று தீக்குச்சி உரசுவதும் ஒன்றுதான். ஏன் என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

எங்கள் அப்பா டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஸ்கூல் என்றால் கட்டடம் ஒன்றும் கிடையாது. இரண்டு பக்கமும் பிரேக் வைத்த ஒரு பழைய கார், அதன் தலையில் ஒரு போர்டு. ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கிவிட்டுத்தான் லைசென்ஸ் வாங்கியிருக்கிறார்கள். வண்டிக்குள் கத்திக் கத்தி, வீட்டில் தண்ணீர் கேட்பதைக்கூட 'பிரேக் போடு' என்கிற குரலில்தான் கேட்பார். உள்ளுக்குள் மனசு வெல்லம் என்று அம்மா சொல்வாள். இருக்கும். நான் நக்கிப் பார்த்ததில்லை.

எனக்கும் நட்டுவுக்கும் நடுவில் ஒருத்தன் இருக்கிறான். ஆண்பிள்ளைகளில் மூத்தவன் என்பதால் பெரியவன். காலேஜில் கடைசி வருஷப் பரீட்சையில் கோட்டை விட்டான். அவன் அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஏதோ நெட்டில் லாரி ஓட்டுகிற கேம், பொழுதன்னைக்கும் அதுதான். "அந்தப் பொட்டிதான் இவனைக் கெடுத்து நாசமாக்குது" என்று அப்பா முடிவு கட்டினார். ஒருநாள் பெரியவன் வெளியே போயிருந்தபோது அதைத் தூக்கிப் பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிட்டார். திரும்பி வந்தவன் வெறும் மேஜையைப் பார்த்தான். மறுநாள் காலையில் ஆளும் இல்லை, பையும் இல்லை. 'நல்லா இருக்கேன், தேடாதீங்க' என்று அம்மாவுக்கு ஒரு மெசேஜ் வந்தது. அதற்கப்புறம் அந்த நம்பரும் செத்துப்போய்விட்டது.

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. "இனிமே இந்த வீட்டுக்குள்ள கம்ப்யூட்டர்னு ஒண்ணு வந்தா, ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று அப்பா அன்றைக்கே சொல்லிவிட்டார். ஆனால் போன் அடித்தால் அவர்தான் முதலில் பாய்ந்து எடுப்பார். "எவனோ லோன் வேணுமான்னு கேக்கறான்" என்று சொல்லிவிட்டு, வைத்த போனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா வீட்டில் துணி தைத்துக் கொடுக்கிறவள். மிஷினை மிதித்துக்கொண்டே அழுவாள். சத்தம் வெளியே கேட்காது என்று அவளுக்கு நினைப்பு. எனக்கோ பெரியவன் மேல் கோபம், அப்பா மேல் கோபம், எதையும் வாய் திறந்து கேட்காத அம்மா மேல் அதைவிடக் கோபம்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். ஒருநாள் நட்டு நேரே கடைக்கே வந்து நின்றான். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"அக்கா, அண்ணனைப் பார்த்தேன்."

கையிலிருந்த ஃப்ரேம் கீழே விழுந்தது. "எங்கடா?"

"லாரியில."

"லாரி ஓட்டறானா? எந்த ஊர்ல?"

"கேம்லக்கா."

அறைந்திருப்பேன். கடையில் ஆள் இருந்ததால் தப்பித்தான். பிறகு உட்காரவைத்துக் கேட்டேன். ஹாஸ்டல் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் இருக்கிறது. பொழுது போகாமல் அங்கே போய் அந்த லாரி கேமை ஆடியிருக்கிறான். அதில் யார் யாரோ எங்கெங்கிருந்தோ வந்து ஒரே ரோட்டில் வண்டி ஓட்டலாமாம், மைக்கில் பேசிக்கொள்ளலாமாம்.

"அது பொம்மை ரோடுக்கா. ஒருத்தன் ஒழுங்கா ஓட்டமாட்டான், தலைகீழா கவுத்து விளையாடுவானுங்க. அதுல ஒரு செவப்பு லாரி மட்டும், ஈ காக்கா இல்லாத சிக்னல்ல கோட்டுக்குப் பின்னாடி நிக்குது. வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்குது. திரும்பறதுக்கு அரைக் கிலோமீட்டர் முன்னாடியே இண்டிகேட்டர் போடுது. நம்ம அப்பாகிட்ட வண்டி கத்துக்கிட்டவனைத் தவிர உலகத்துல வேற எவன்க்கா இப்படி ஓட்டுவான்? மைக்குல 'அண்ணா?'ன்னு கேட்டேன். லாரி அப்படியே நின்னுடுச்சு."

கீழே கிடந்த ஃப்ரேமை அப்போதுதான் குனிந்து எடுத்தேன்.

பெரியவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் ஓய்வு. அப்போது மட்டும் அங்கே ஏதோ ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து வருவான். எந்த ஊர், என்ன வேலை, ஒன்றும் சொல்லமாட்டான். நம்பர் கேட்டால் பேச்சை மாற்றுவான். "வீட்டுல யாருக்காவது சொன்னே, அன்னியோட நான் இந்தப் பக்கம் வரமாட்டேன்" என்று கண்டிஷன் வேறு.

"அப்புறம் ஏன்டா என்கிட்ட சொன்னே?"

"உன்கிட்டயும் சொல்லலன்னா எனக்கு வயிறு வெடிச்சுடும்க்கா."

இப்படி ஒரு நூல் கிடைத்த கொஞ்ச நாளிலேயே அந்த பிரவுசிங் சென்டரை மூடிவிட்டார்கள். அங்கே இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். கூடப் படிக்கிறவர்களின் லேப்டாப்பில் அந்த கேம் திறக்கவே திணறியது. ஹாஸ்டல் நெட்டில் கேம் என்றாலே வராது. இரண்டு ஞாயிறு போனது. அண்ணன் வந்து காத்திருந்துவிட்டுப் போயிருப்பான் என்று போனில் நட்டு அழுகிற குரலில் சொன்னான். அவன் வராமலே போய்விட்டால் வீட்டுக்கும் அவனுக்கும் இருந்த ஒரே வழியும் அடைந்துவிடும். அந்த பயம்தான் கம்ப்யூட்டர் கட்டவைத்தது, வேறு எந்த ஆசையும் இல்லை.

ஞாயிறு மத்தியானம் அப்பாவுக்கு வகுப்பு இருக்கும், ஆபீஸ் போகிறவர்கள் அன்றைக்குத்தான் பழக வருவார்கள். அம்மா தைத்த துணிகளைக் கொடுக்கப் போய்விடுவாள். அப்போது வீட்டில் வைத்து, என் போன் நெட்டில் ஓட்டலாம். ஆனால் அப்பா கண்ணில் படும்படி வீட்டில் விட்டுவைக்க முடியாது, கூடவே தூக்கிக்கொண்டு வர வேண்டும், போக வேண்டும். பார்க்கிறவர்களுக்கு கம்ப்யூட்டர் என்றே தெரியக்கூடாது.

அம்மாவிடம் ஒரு பழைய கை மிஷின் இருந்தது, மரப்பெட்டி போட்டது. பெட்டியின் மேலே கைப்பிடி. கால் மிஷின் வந்த பிறகு அது கட்டிலடியில் துருப்பிடித்துக் கிடந்தது. காலேஜ் ப்ராஜெக்ட் என்று சொல்லி அதைக் கேட்டான் நட்டு. அம்மாவும் கொடுத்துவிட்டாள். மிஷினை விற்றுக் காசாக்கிக்கொண்டு பெட்டியை வைத்துக்கொண்டான். பக்கத்துச் சக்கரத்தை மட்டும் ஏனோ கழற்றிப் பத்திரப்படுத்தினான்.

அந்தக் காசு எந்த மூலைக்கு? ஸ்காலர்ஷிப்பில் மிச்சம் பிடித்தது, காலேஜ் டூர் போகாமல் மிச்சமானது எல்லாம் சேர்த்தும் போதவில்லை. பல் அடைக்க நான் வைத்திருந்த பணத்தைக் கொடுத்தேன். அந்தப் பல் இன்னும் வலிக்கிறது, அதை நினைத்தால் இப்போதும் அவனைத் திட்டுவேன். மூடிப்போன ஆபீஸ் ஒன்றிலிருந்து கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை வாங்கி அதன் போர்டை எடுத்தான். திரை, ஸ்பீக்கர், கீபோர்டு எல்லாம் ஒரு உடைந்த லேப்டாப்பினுடையவை. கேம் ஓடுவதற்கென்றே ஒரு கார்டு வேண்டுமாம், அதுதான் யானை விலை. சீனியர் ஒருத்தன் தன்னுடைய பழையதை விற்றான். அதில் இரண்டு ஃபேன், ஒன்று சுற்றவே சுற்றாது. பிள்ளை அதற்கு ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் விட்டு, விரலால் தட்டித் தட்டிச் சுற்றவைத்தான். கடையில் ஃப்ரேம் முடுக்குகிற குட்டி ஸ்க்ரூடிரைவர்களை நான் கொண்டுவந்து கொடுத்தேன்.

எல்லாம் சேர்த்து மாட்டப் பார்த்தால் அந்த யானை விலை கார்டு பெட்டிக்குள் போகவில்லை. ஒரு இன்ச் இடிக்கிறது. பெட்டியை அளந்துதான் வாங்கினேன் என்று சத்தியம் பண்ணினான். எதை வைத்து அளந்தாய் என்று கேட்டால், அம்மாவின் டேப்பை வைத்து.

எங்கள் வீட்டு டேப்புக்கு முதல் இன்ச் கிடையாது. என்றைக்கோ கிழிந்துபோனது, அம்மா வெட்டி எறிந்துவிட்டாள். எதை அளந்தாலும் ஒன்று கழித்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் நடக்கப் பழகும்போதே அதையும் பழகிவிடுவோம்.

"பொறந்ததுலேருந்து பாக்கறியே, ஒண்ணு கழிக்கணும்னு தெரியாதாடா?" என்று, காலேஜ் ப்ராஜெக்ட்தான் கெட்டது என்று நினைத்து அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இதுல இன்ஜினியராம்!"

கார்டைத் திருப்பிக் கொடுக்கப் போனால் சீனியர் காசைச் செலவழித்துவிட்டிருந்தான். இவன் கார்டை மடியில் வைத்துக்கொண்டு கண் கலங்கி உட்கார்ந்துவிட்டான். எனக்கே பாவமாக இருந்தது. கடைசியில் பெட்டியின் பக்கவாட்டில் ஓட்டை போட்டு, கார்டின் நுனியை வெளியே நீட்டிக்கொள்ள விட்டான். அந்த நீட்டலை மறைக்க அதன் மேல் பழைய மிஷின் சக்கரத்தைச் சொருகினான். பார்த்தால் அசல் தையல் மிஷின்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தால், கண்டக்டர் மிஷினுக்கு லக்கேஜ் போட்டார். பக்கத்து சீட்டு அம்மா, "தம்பி, பேன்ட்டுக்கு ஜிப்பு வெச்சுத் தருவியா?" என்று கேட்டாராம். ஹாஸ்டல் வாட்ச்மேன் கிழிந்த சட்டையோடு வந்து நின்றாராம். மானத்தைக் காப்பாற்ற அதைக் கையாலேயே தைத்துக் கொடுத்திருக்கிறான் நட்டு. ஒரே ஒரு குறை, மூடியை மூடிவைத்து ஓடவிட்டால் சூடு ஏறிக் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். திறந்து வைத்துத்தான் ஆட வேண்டும்.

அந்த ஞாயிறு அப்பா வகுப்புக்குப் போனார், அம்மா துணிப்பையோடு கிளம்பினாள். இரண்டு பேரும் தெருமுனை தாண்டியதும் அம்மாவின் கால் மிஷின் மேலேயே பெட்டியை வைத்துத் திறந்தோம். நட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டான், சட்டையில் குத்துகிற சின்ன மைக்கைப் பெட்டி ஓரத்தில் செருகினான். திரையில் ரோடு வந்தது. லாரி வந்தது. வேறு யாரும் வரவில்லை. நட்டு நகத்தைக் கடித்தான், நான் அவன் தோளைக் கிள்ளிக்கொண்டே இருந்தேன். ரொம்ப நேரம் கழித்து தூரத்தில் ஒரு சிவப்பு லாரி, ஆளில்லாத சிக்னலில் கோட்டுக்குப் பின்னால் ஒழுங்காக நின்றது.

நட்டு ஹெட்போனில் ஒரு பக்கத்தை என் காதில் வைத்தான். "எங்கடா போயிருந்தே இத்தனை நாளா? நீயும் விட்டுட்டுப் போயிட்டேன்னு நெனச்சேன்" என்றது பெரியவன் குரல். இரண்டு வருஷம் திட்டிச் சேர்த்துவைத்த அத்தனையும் எனக்கு மறந்துபோனது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அப்போது வாசலில் கார் நிற்கிற சத்தம் கேட்டது.

நட்டு படாரென்று மூடியைச் சாத்தினான். சாத்திய வேகத்தில் ஹெட்போன் வயர் பிடுங்கிக்கொண்டது. உள்ளே ஃபேன் இரண்டும் கொய்யென்று இரைகின்றன. என்ன செய்வதென்று தெரியாமல் நான் ஸ்டூலில் உட்கார்ந்து கால் மிஷினை மிதிக்க ஆரம்பித்தேன், சத்தத்துக்குச் சத்தம்.

அப்பா உள்ளே வந்தார். "பழக வர்றவன் வரல. போன வாரம் சுவத்துல இடிச்சதுலயே பயந்துட்டான்." செருப்பைக் கழற்றி, சட்டையை ஆணியில் மாட்டியவர் என்னைப் பார்த்தார். "என்ன பண்றே?"

"தைக்கறேன்பா."

"துணி எங்க?"

"சும்மா... மிதிச்சுப் பழகறேன்."

"காரை ஓட்டிப் பழகுன்னு எத்தனை வாட்டி சொன்னேன்? அதைப் பழகல, இதைப் பழகறியா?" பெட்டியைப் பார்த்தார். "இதை வித்தாச்சுன்னு உங்கம்மா சொன்னாளே?"

"பொட்டியை மட்டும் வெச்சுக்கிட்டோம்பா" என்றான் நட்டு. குரல் கீச்சென்று வந்தது.

வெறும் பெட்டியில் எதற்குச் சக்கரம் என்று தோன்றியிருக்க வேண்டும். அப்பா அதைப் பிடித்துத் திருப்பினார். கையோடு வந்துவிட்டது. ஓட்டையிலிருந்து அவர் கைமேல் நீல வெளிச்சம் விழுந்தது. நான் மிதிப்பதை நிறுத்திவிட்டேன். அந்த நிசப்தத்தில்தான் பெட்டிக்குள்ளிருந்து சத்தமாக, தெளிவாக, பெரியவன் பேசினான்.

"டேய் நட்டு, நடுரோட்டுல நிறுத்திட்டு எங்கடா போயிட்டே?"

அப்பா சக்கரத்தைக் கையில் பிடித்தபடி நின்றார். போட்டு உடைக்கப்போகிறார் என்று நட்டு பெட்டியைக் கட்டிக்கொள்ளப் போனான். அப்பா அவனை விலக்கினார். தள்ளவில்லை, லேசாக விலக்கினார். சக்கரத்தை மிஷின் மேல் வைத்துவிட்டு இரண்டு கையாலும் மூடியைத் திறந்தார். பெட்டியிலிருந்து அனல் அடித்தது. திரையில் எங்கள் லாரி ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. அதற்கு முன்னால் ஓரமாக, விளக்கைச் சிமிட்டிக்கொண்டு சிவப்பு லாரி காத்திருந்தது.

"மைக் ஆன்ல இருக்குப்பா" என்று நட்டு கிசுகிசுத்தான். "இப்ப பேசறது எல்லாம் அவனுக்குக் கேக்கும்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. யாருக்காவது சொன்னால் வரமாட்டேன் என்றவன். இந்த நொடி அந்த லாரி மறைந்தால் இனி அவனை எங்கே போய்த் தேடுவது? போயிடாதேடா, போயிடாதேடா என்று மனசுக்குள் கதறிக்கொண்டிருந்தேன். அப்பாவும் அதையே நினைத்தாரோ என்னவோ, லாரியின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என்னை எழுப்பிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இதுல எதுடா வண்டியை நகத்தறது?" என்று நட்டுவைக் கேட்டார்.

அவன் கீபோர்டில் பட்டன்களைக் காட்டினான். அப்பா ஒற்றை விரலால் ஒன்றை அழுத்தினார். ஊருக்கே வண்டி கற்றுக்கொடுத்த மனிதர், லாரியைப் பின்னால் ஓட்டிப்போய் டமாரென்று ஒரு கம்பத்தில் இடித்தார். பதறிப்போய் பிரேக்கைத் தேடிக் காலை அழுத்தினார். அம்மாவின் தையல் மிஷின் கடகடவென்று ஓடியது.

"அது ரிவர்ஸ்பா" என்றது பெட்டி.

அப்பாவின் விரல் நின்றது. "ம்... சரி" என்றார். அவர் வாழ்க்கையில் வண்டி விஷயத்தில் யாருக்கும் சரி சொல்லி நான் கேட்டதில்லை.

"மேல இருக்கற அம்புக்குறியைத் தட்டுங்க. அப்படியே அழுத்திப் பிடிக்காதீங்க, விட்டு விட்டு. நான் முன்னாடி போறேன், பின்னாடியே வாங்க."

சிவப்பு லாரி இண்டிகேட்டர் போட்டு ரோட்டுக்கு வந்தது. அப்பா தொடர்ந்தார். கோணல்மாணலாகத்தான். இவர் பின்தங்கினால் அது மெதுவாகப் போனது, இவர் ஓரத்தில் உரசினால் நின்று காத்திருந்தது. வளைவு வந்ததும் ஹாரன் அடித்தது. நட்டு தரையில் உட்கார்ந்து அப்பாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். துணிப்பையோடு அம்மா வாசலில் வந்து நின்றதைக்கூட நான் அப்போதுதான் பார்த்தேன். யார் குரல் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எங்கடா இருக்கே?" என்று அப்பா கேட்டார். கத்தவில்லை.

"உங்களுக்கு முன்னாடிதான்பா போயிட்டிருக்கேன்."

"அது தெரியுதுடா. நிஜமா எங்க இருக்கே?"

சிவப்பு லாரி மெதுவாகி, ஓரம் கட்டி நின்றது. அப்பா அதன் பின்னால் லேசாக முட்டிக்கொண்டு நின்றார். அங்கிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு சொன்னான். ஊர் பெயர், மூட்டை இறக்குகிற குடோன், அதற்குப் பின்னால் இருக்கிற அறை. அம்மா பையிலிருந்து கைக்கு வந்த ஒரு துணியை உருவி, தையல் சாக்பீஸால் அதன் மேலேயே எழுதிக்கொண்டாள். யார் வீட்டுத் துணியோ தெரியாது. கண்ணீர் விழுந்து எழுத்து கலைய, மறுபடியும் எழுதினாள்.

அப்பா எழுந்தார். ஆணியில் மாட்டிய சட்டையை எடுத்து, தப்பும் தவறுமாகப் பட்டன் போட்டார். கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் குனிந்து, எங்கே பேசுவதென்று தெரியாமல் ஃபேனைப் பார்த்துப் பேசினார்.

"அங்கயே இருடா. நான் வர்றேன்."

"மெதுவா வாங்கப்பா" என்றான் பெரியவன்.